மேடில்லாத ஊரில் ஒரு பெட்போட்

மலைநாட்டு லொறிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. பெற்றரி சோர்ந்துவிட்டது என்று தெரிந்தால் இரவில் வண்டியை இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, சில்லுக்குக் கல் அடைகொடுத்துவிட்டுத் தூங்கப் போவார். விடிந்ததும் கல்லை எடுத்தால் லொறி தானாக உருளும். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஹற்றனிலும் பண்டாரவளையிலும் சின்ன வயதில் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதற்கு வழியே இல்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், களியோடைப் பாலம் கடந்தால் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரே மட்டமாக ஒரு றோட்டு. கல்முனையில் ஸ்டார்ட் ஆகாத லொறிக்கு இறக்கம் கிடையாது, ஆள்தான் வேண்டும்.

எங்கள் வாப்பாவிடம் இருந்தது பெட்போட் டீஜே. ஜெனரல் மோட்டர்ஸின் கையில் இருந்த வொக்ஸோல் கம்பனி இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 1931இல் தொடங்கிய பெயர் பெட்போட். இரண்டாம் உலகப்போருக்கு மட்டும் இரண்டரை லட்சம் லொறி அளவில் செய்து கொடுத்த கம்பனி அது. டீஜே 1958இல் வந்த மாடல். பொனட் நீண்டு, இரண்டு பக்கமும் மட்காட் புடைத்து நிற்கும். பாகிஸ்தானில் பெட்போட்டுக்குப் பூவும் மயிலும் தீட்டி மணமகன்போல் அனுப்புவார்கள். எங்களுடையதற்கு அவ்வளவு அலங்காரமில்லை. நெற்றியில் "மாஷா அல்லாஹ்", மரப்பலகைப் பொடி, மேலே மூட ஒரு படங்கு. எத்தனையோ கை மாறி வந்த வண்டி. வாப்பா வாங்கும்போதே அது கிழடுதான்.

ஆனாலும் எங்கள் கரைக்கு லொறியை விட்டால் வேறு துணை இருக்கவில்லை. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். கல்முனைக்குத் தண்டவாளம் வந்ததே இல்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரை வயல்களுக்குக் கொண்டுவந்த பிறகு, சம்மாந்துறை வட்டைகளில் விளைந்த நெல்லெல்லாம் ஏதோ ஒரு லொறியின் முதுகில்தான் வெளியே போனது. பெரும்போக வெட்டு முடியும் மாசி பங்குனியில் வாப்பா வீட்டில் தங்கியதே இல்லை. களத்திலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து கொழும்புக்கு, 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்த பிறகு அதன் களஞ்சிய வாசலில் வரிசைக்கு. அந்த நாட்களில் ஒரு விடியலில் லொறி மக்கர் பண்ணினால் அது எங்கள் வீட்டுக் கஷ்டமாக மட்டும் இருக்காது. களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு மழைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் போடியாருக்கும், மூடை தூக்க வந்த நாட்டாமிமாருக்கும் அது கஷ்டம்.

இன்று கட்டாரில், ஒரு லொறித் தரிப்பிடத்தின் கணக்கு மேசையில் உட்கார்ந்துகொண்டு நான் ஏங்குவது அந்த ஸ்டார்ட் ஆகாத விடியல்களுக்காக. ஓடிய நாட்களை விட நின்ற நாட்களே எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன.

சுபஹுத் தொழுகை முடிந்து வாப்பா பள்ளியிலிருந்து நேராக வண்டிக்கு வருவார். பிஸ்மில்லாஹ் சொல்லித் திறப்பைத் திருப்புவார். செல்ப் அடிக்கும் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அது ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை கேட்டு அடங்கிவிட்டால் போதும், படலைகள் திறக்கும். சாரத்தை மடித்துக் கட்டியபடி முதல் ஆள் வந்துவிடுவார்.

"என்ன காக்கா, ஸ்டாட் வருதில்லியா?"

"கிறுகுது தம்பி, பத்துதில்ல."

"புகை வருதா?"

"புகையும் இல்ல."

"அப்ப டீசல் போகல்ல. எயார் புடிச்சிரிக்கி."

இந்தப் பேச்சை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்டவர் தறிக்காரராக இருப்பார், மீன்காரராக இருப்பார், பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருப்பார். மெக்கானிக் படிப்பு அவர்களில் யாருக்கும் இல்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விக்குள் ஒரு டீசல் எஞ்சினின் நோய் பாதி பிடிபட்டுவிடும். எஞ்சின் சுற்றவே இல்லையென்றால் குற்றம் பெற்றரியிலோ வயரிலோ செல்ப் மோட்டரிலோ. சுற்றிப் பற்றவில்லை, புகையும் இல்லையென்றால் எண்ணெய் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் போகிறது, எரியவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது அல்லது தேய்ந்துவிட்டது. கறுப்பாய்க் குமுறினால் காற்றுப் போதவில்லை, எயார் பில்டரைக் கழற்றிப் பார்.

சுற்றவே இல்லாத நாளில் வாப்பா முதலில் முன் லைட்டைப் போடச் சொல்வார். நான் லொறிக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டும். அவர் திறப்பைத் திருப்பும்போது லைட் மங்கிச் சாகிறதா, அப்படியே எரிகிறதா? மங்கினால் பெற்றரியோ டேர்மினலோ. மங்காமல் எரிந்து, சத்தமும் இல்லையென்றால் கரண்ட் செல்புக்குப் போகவே இல்லை. எங்கள் ஊரில் பெரும்பாலும் மங்கத்தான் செய்யும். காரணம் கடல். உப்புக்காற்று பெற்றரி டேர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்துக் கிடக்கும். உம்மா தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலை வாப்பா அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பூப்பின் மேல் ஊற்றுவார். நுரைத்து, கரைந்து, ஈயம் பளபளவென்று தெரியும். பழைய பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுவார். உம்மா மறுபடி தண்ணீர் வைப்பார். அதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

டேர்மினல் சுத்தமாக இருந்தும் மங்கினால் அடுத்து ஏர்த் வயர். பெற்றரியிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து எஞ்சினுக்கும் போகும் அந்தச் செப்புப் பின்னல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப்பிடித்திருக்கும். புதுப் பெற்றரிக்குக் காசைக் கொட்டிவிட்டுப் பிறகு ஏர்த்தைக் கண்டுபிடித்த லொறிக்காரர் கடற்கரை ஊர்களில் நிறையப் பேர். வாப்பா இதில் கெட்டிக்காரர். படுத்துக்கொண்டு உள்ளே போய், சட்டத்தை அரத்தால் உரசி வெள்ளி தெரியவைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

எயார் எடுக்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. டீசல் எஞ்சினுக்குப் பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை 16இல் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கும்போது அந்தக் காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் கொதிக்கும். அதற்குள் டீசலைப் பூவாய்த் தெளித்தால் தானாகப் பற்றும். தெளிக்கிற நோசல் சும்மா திறக்காது. அமுக்கம் வளிமண்டலத்தைப்போல் 170, 200 மடங்கு ஏறினால்தான் திறக்கும். டீசல் நெருங்காது, காற்று நெருங்கும். ஆகவே குழாய்க்குள் ஒரு மணிக் காற்று புகுந்துவிட்டாலும் பம்ப் தள்ளுகிற தள்ளெல்லாம் அந்தக் காற்றை நெருக்குவதிலேயே போய்விடும். நோசல் வாய் திறக்காது. ஐந்து டொன் நெல்லை இழுக்கிற எஞ்சினை நிறுத்திவைக்க ஒரு குமிழி போதும்.

அந்தக் குமிழியை வெளியே கொண்டுவர அவசரப்படக் கூடாது. பில்டருக்கு மேலுள்ள ஆணியைத் தளர்த்திவிட்டு, கீழே பீட் பம்பின் சின்ன நெம்புகோலை விரலால் மேலும் கீழும் அடிக்க வேண்டும். அதை வாப்பா என்னிடம் விட்டிருந்தார். என் விரல்தான் அந்த இடுக்கில் நுழையும். முதலில் காற்று சீறும், பிறகு நுரை, பிறகு நுரையும் எண்ணெயும் கலந்து, கடைசியில் ஒரு குமிழியும் இல்லாமல் டீசல் தெளிவாய் வழியும். அந்த நேரத்தில் ஆணியை இறுக்க வேண்டும், பம்ப் அடிக்கும் கையையும் நிறுத்தக் கூடாது. அடுத்து இன்ஜெக்டர் பம்பின் ஆணி. அதற்கும் அடங்காவிட்டால் நோசலுக்குப் போகும் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்திச் செல்ப் அடிக்க வேண்டும். வழியும் எண்ணெய் வீணாகாமல் ஒருவர் பால்மா டின்னைப் பிடித்துக்கொண்டிருப்பார். முதல் நோசல் டக்கென்று ஒரு வெடி வெடிக்கும். நின்றிருப்பவர் எல்லாரும் ஒரே மூச்சில் "ஆ" என்பார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என் கொப்பியெல்லாம் டீசல் மணக்கும்.

1978 நவம்பரில் மட்டக்களப்புச் சூறாவளி எங்கள் பக்கத்தையும் புரட்டிப் போட்ட பிறகு ஒரு காலம், பரலில் வாங்கிய டீசலில் தண்ணீர் கலந்து வந்தது. தண்ணீர் கனம், அடியில் தங்கும். தாங்கியின் அடி ஆணியைத் திறந்து தண்ணீரை விட்டு, மிச்சத்தைப் பழைய சீத்தையில் வடித்து ஊற்றினோம். தெருவே பரலைச் சாய்த்துப் பிடித்தது.

சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு மெக்கானிக் பாஸ் இருந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் காலையிலிருந்து எயார் எடுத்து, பில்டர் மாற்றி, ஆட்கள் களைத்துப் போனார்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, புகை மட்டும் வரவில்லை. லுஹருக்குச் சற்று முன்னால் பாஸ் வந்தார். சைக்கிளை மதிலில் சாத்தினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பொனட்டுக்குள் குனிந்து இன்ஜெக்டர் பம்பின் பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கையை விரலால் தள்ளிவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். அடித்ததும் பெட்போட் உறுமியது.

பழைய டீசல் வண்டியைத் திறப்பால் அணைக்க முடியாது. ஸ்டொப் என்று ஒரு கொண்டை இருக்கும். அதை இழுத்தால் கேபிள் வழியே பம்பின் கை திரும்பி எண்ணெயை அடைக்கும். முதல்நாள் இரவு வாப்பா இழுத்து அணைத்திருக்கிறார். காலையில் கொண்டையைத் தள்ளினார், அது உள்ளே போனது. ஆனால் உப்பேறிய கேபிள் இடையில் இறுகி, பம்பின் கை அடைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. வாப்பா காசு நீட்டியபோது பாஸ் வாங்கவில்லை. "விரலால தட்டினத்துக்குக் காசா காக்கா? தேத்தண்ணி தாங்க, மறுகா கேபிளுக்கு எண்ணெ விடுங்க." என் வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய வித்தை அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

அந்தக் காலத்துக் கைகளைச் சும்மா புகழவில்லை. 1977க்கு முன்னால் இறக்குமதி இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு கேஸ்கட்டுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் நாள்முழுக்க அலைய வேண்டும். அங்கும் இல்லாவிட்டால் செய்துகொள்ள வேண்டும். தடித்த அட்டையை எஞ்சின் முகத்தில் வைத்துச் சுத்தியலின் ஓரத்தால் தட்டித் தட்டி விளிம்பை வெட்டியெடுப்பார்கள். இறுகிப்போன செப்பு வாசரை எறியமாட்டார்கள். நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகும், மறுபடி அமர்ந்துகொள்ளும்.

எல்லாம் செய்தும் பெற்றரி இறந்துவிட்டால் கடைசி மருந்து தள்ளுதல். பழைய டீசலுக்கு ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. எப்படியாவது சுற்றிவிட்டால் அதுவே ஓடும். ஆனால் எங்கள் ஒழுங்கை மணல். மணலில் லொறி உருளாது. முதலில் பலகை போட்டு, கயிறு கட்டி, தார் றோட்டுக்கு இழுக்க வேண்டும். கரைவலைக்காரர் வந்துவிட்டால் அந்த வேலை சுலபம். அவர்கள் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவின் தாளத்தில்தான் லொறியையும் இழுப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் திருப்பிச் சொல்ல, அந்தத் திருப்பலில் எல்லாத் தோளும் ஒன்றாய் இறங்கும். தார் றோட்டுக்கு வந்ததும் பின்பலகையில் கைகள் நிறையும். தறியிலிருந்து எழுந்து வந்தவர், பள்ளியிலிருந்து வந்தவர், கடைக்குப் பாண் வாங்கப் போனவர். வாப்பா இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டிருப்பார். வேகம் ஏறியதும் "விடு!" என்று யாரோ கத்துவார். கிளச் விடுபட்டதும் லொறி ஒரு குலுக்குக் குலுக்கும், ஒரு கணம் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளும், பிறகு கறுப்பாய்ப் புகைத்துக்கொண்டு ஓடிப்போகும். வாப்பா நிறுத்தமாட்டார், நிறுத்த முடியாது. ஹோர்னை நீட்டி அடிப்பார். நன்றி அவ்வளவுதான். யாரும் அதற்கு மேல் எதிர்பார்த்ததில்லை.

பாண்டிருப்பிலும் காரைதீவிலும் வண்டி நின்றபோது தமிழ்ப் பெடியன்கள் தள்ளியிருக்கிறார்கள். அவர்களுடைய வண்டி எங்கள் பகுதியில் நின்றால் எங்கள் ஆட்கள் தள்ளினார்கள். அந்த நாளிலும் தெருக்கள் வேறு, பேச்சும் கொஞ்சம் வேறு. ஆனால் நின்ற லொறியைத் தாண்டிப் போக யாருக்கும் மனம் வந்ததில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு அது போயிற்று. மாலையானால் சில இடங்களில் வண்டியை மெதுவாக்கவே வாப்பா பயந்தார். சோதனைச் சாவடியில் எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள். மூடைகளை இறக்கிக் காட்டி ஏற்றியபின் அது திரும்பப் பற்றுமா என்ற கவலையில் அவர் கை ஸ்டொப் கொண்டையின் மேலேயே தயங்கி நிற்கும். அந்தப் போரில் இரு பக்கமும் சிந்திய இரத்தத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தள்ளிவிட ஒரு அந்நியன் வருவான் என்ற நம்பிக்கை ஒரு றோட்டிலிருந்து போவதும் இழப்புத்தான். அதை எந்த நட்டஈட்டுப் பட்டியலிலும் யாரும் எழுதவில்லை.

லொறியை வாப்பா விற்றுவிட்டார். முதுகு வலி, ஜப்பான் வண்டிகள் வந்துவிட்டன, பெட்போட்டுக்குச் சாமான் கிடைப்பதில்லை. அவர் காலமாகி ஓராண்டு கழித்து, 2004 டிசம்பர் 26 வந்தது. நாட்டிலேயே அதிகம் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேல். மேடில்லாத ஊருக்குள் கடல் வந்தபோது ஏறி நிற்க ஓரிடம் இருக்கவில்லை. எந்த மட்டம் எங்கள் தெருவை ஒரு லொறிக்காகத் தினமும் கூட்டியதோ, அந்த மட்டத்தில்தான் தண்ணீர் தடையில்லாமல் போனது. பின்பலகையில் கைவைத்த பலர் அன்று போனார்கள். பீட் பம்ப் அடிக்க என்னோடு போட்டி போட்ட என் வயதுக்காரன் ஒருவனும் போனான். பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்றார்கள்; பின்னால் அதைத் தளர்த்தினார்கள். அதற்குள் மிஞ்சியவர்கள் மேற்கே, வயல் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஒழுங்கை இருந்த இடத்தை என் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு இப்போது அடையாளம் இல்லை.

கட்டாரும் மட்டமான தேசம்தான். என் மேசைக்கு வெளியே நிற்கும் லொறிகள் அருமையானவை. அவற்றில் எண்ணெயின் அமுக்கத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். போதிய அமுக்கமும் கரண்டும் இருப்பதை அது உறுதிப்படுத்தாவிட்டால் நோசலைத் திறக்கவே விடாது. பெற்றரி அடியோடு செத்த வண்டியை நூறு பேர் தள்ளினாலும் ஓடாது. ஆகவே யாரும் தள்ளுவதில்லை. ட்ரைவர் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிழலில் உட்காருவார். இன்னொரு வண்டி வந்து கம்ப்யூட்டரைச் செருகிப் பிழையின் இலக்கத்தை வாசிக்கும், அல்லது இழுத்துக்கொண்டு போகும். நேரம் மிச்சம், புகை குறைவு, வெயிலில் யாருக்கும் கஷ்டமில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. கல்முனையிலும் இப்போது டிமோ பட்டாவும் இசுசு எல்ஃபும்தான், திருப்பியதும் ஓடுகின்றன. இளைஞர்களுக்கு அது நல்லதுதான். எனக்கு மட்டும் சில விடியல்களில், திறப்பு திருப்பியதும் பற்றிக்கொள்ளும் எஞ்சின் சத்தம் நெஞ்சுக்குள் எதையோ குறைத்துவிட்டுப் போகிறது.

போன மாதம் ராத்தாவின் மகன் ஒரு படம் அனுப்பினான். இறக்காமத்துப் பக்கத்தில் ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒரு டீஜே நிற்கிறது. விற்பனைக்கு இல்லை, அவருடைய மூத்தாப்பா ஓட்டியதாம். ஓடவைக்க ஆசை, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை, அந்த எஞ்சின் தெரிந்த பாஸ்மார் கிடைக்கவில்லை. அன்றிரவே அவரோடு பேசினேன். முன்பின் தெரியாதவர், "சொல்லுங்க மாமா" என்று தொடங்கினார்.

"செல்ப் அடிச்சா கிறுகுதா மகன்?"

"கிறுகுது."

"புகை?"

"அதக் கவனிக்கல்ல மாமா."

பின்னால் ஒரு ஆளை நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். ஸ்டொப் கேபிளைக் கழற்றிவிட்டு, பம்பின் கையை விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். தாங்கியில் எவ்வளவு காலத்து எண்ணெய் என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அதை முழுக்க இறக்கி, அடித் தண்ணீரை விட்டு, புது டீசல் ஊற்றி, பில்டரிலிருந்து தொடங்கச் சொன்னேன். நுரை நின்ற பிறகுதான் ஆணியை இறுக்க வேண்டும் என்பதை இரண்டு தரம் சொன்னேன். தள்ளுவதென்றால் முற்றத்தில் வேண்டாம், தார் றோட்டுக்குக் கொண்டுபோங்கள், பிறேக்கை முதலில் பாருங்கள் என்றேன். ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஆக்கள் இரிக்காங்க மாமா, கேட்டாத்தான் வருவாங்க" என்றார்.

கேளுங்கள் என்றேன். லீவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன், சின்னப்போக வெட்டுக்கு முன்னால் ஊரில் இருப்பேன்.